குறைந்த செலவில் முதல் டிஎஸ்எல்ஆரும் லென்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போகும்போது டிஎஸ்எல்ஆர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா?

கையில் இருப்பது சின்னத் தொகை என்றால் இருக்கிறது. (டிஎஸ்எல்ஆர் உள்ளே கண்ணாடி வைத்த கேமரா; மிரர்லெஸ் அந்தக் கண்ணாடி இல்லாதது.) கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. சோனி 2021-இல் தன் ஏ-மவுண்ட் கேமராக்களை (மவுண்ட் என்றால் லென்ஸ் மாட்டும் வளையம்) நிறுத்திவிட்டது. பென்டாக்ஸ் மட்டும் இன்னும் இதே பாதையில் இருக்கிறது. இதனால் பலர் டிஎஸ்எல்ஆரை விற்றுவிட்டு மாறுகிறார்கள். செகண்ட் ஹேண்டில் நல்ல பாடியும் லென்ஸும் தாராளமாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். அதே பணத்துக்கு மிரர்லெஸ் பக்கம் போனால், பெரும்பாலும் ஒரு அடிமட்ட பாடியும் கிட் லென்ஸும் (பாடியோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) வாங்குவதோடு பர்ஸ் காலியாகிவிடும்.

இழப்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வ்யூஃபைண்டரில் பார்க்கும்போதே கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், எடுக்கும் முன்பே வெளிச்சத்தின் அளவைக் காட்டும் மின்னணு வ்யூஃபைண்டர், தரமான 4கே வீடியோ ஆகியவை குறைந்த விலை டிஎஸ்எல்ஆரில் கிடையாது. வீடியோதான் முதல் தேவை என்றால் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிட்டு மிரர்லெஸ் பாருங்கள்.

இருக்கிற பணத்தை பாடிக்கும் லென்ஸுக்கும் எப்படிப் பிரிப்பது?

பாடியைவிட லென்ஸுக்கு அதிகம் போக வேண்டும். முதல்முறை வாங்குபவர்கள் செய்வது நேர் எதிர்: எண்பது சதவீதத்தைப் புது பாடியில் போட்டுவிட்டு, அதனுடன் வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸிலேயே இரண்டு வருடம் ஓட்டுவார்கள். பிறகு "படம் மொபைலில் எடுத்த மாதிரியே இருக்கிறது" என்பார்கள். அது நியாயமான புகார்தான். ஆனால் குற்றவாளி பாடி அல்ல.

ஒரு கணக்கு பாருங்கள். எம்எம் கூடினால் காட்சி நெருங்கும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸ் 55 எம்எம்மில் அதிகபட்சம் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலையில் வீட்டுக்குள் ஓடும் குழந்தையை கிட் லென்ஸில் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்தால் முகம் இழுபடும். அதே ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவு) 50 எம்எம் நொடியில் நூறில் ஒரு பங்கைத் தரும். எந்தப் புது பாடிக்கு மாறினாலும் ஐஎஸ்ஓவில் இந்த அளவு முன்னேற்றம் கிடைக்காது.

தோராயமாக ஒரு பிரிவு: பாடிக்கு 40 சதவீதம், லென்ஸுகளுக்கு 45, மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பை, ஈரம் புகாத டப்பா எல்லாவற்றுக்கும் சேர்த்து 15. அந்தப் பதினைந்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கேனனா, நிக்கானா?

படத்தின் தரத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. நண்பரோ உறவினரோ கடன் கொடுக்கக்கூடிய லென்ஸ் எந்த மவுண்டில் இருக்கிறதோ, அந்தக் கம்பெனியை எடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், லென்ஸ் பொருத்தம் எந்தப் பக்கம் எளிது என்று பாருங்கள்.

கேனனில் விதி சுருக்கமானது. இஎஃப் மவுண்ட் 1987-இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு இஎஃப் லென்ஸிலும் ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கேனன் டிஎஸ்எல்ஆரில் மாட்டினாலும் ஃபோகஸ் ஆகும். இஎஃப்-எஸ் என்று போட்டவை சின்ன சென்சார் பாடிகளுக்கு மட்டும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) டிஎஸ்எல்ஆரில் அவை மாட்டாது. இவ்வளவுதான்.

நிக்கானில் கொஞ்சம் கவனம் வேண்டும். டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் (டி3500, டி5600 போன்றவை) ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏஎஃப், ஏஎஃப்-டி என்று எழுதியிருக்கும் பழைய லென்ஸுகள் இவற்றில் மாட்டும், படமும் எடுக்கும். ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் என்றால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், பயமில்லை. இன்னொரு குழி ஏஎஃப்-பி: புதியது, சத்தமில்லாதது, மலிவானது. ஆனால் டி3100, டி3200, டி5100, டி7000, டி90 ஆகிய பாடிகளில் அது ஃபோகஸே ஆகாது, கையால் திருப்பினாலும் ஆகாது. பாடி டி3300-ஆகவோ டி5300-ஆகவோ இருந்தால் முதலில் ஃபர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். பழைய நிக்கான் பாடியோடு "புது 18-55 சேர்த்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அது ஏஎஃப்-எஸ்ஸா ஏஎஃப்-பியா என்று லென்ஸைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

பென்டாக்ஸ்? கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி பாடிக்குள்ளேயே இருப்பதால் எந்த லென்ஸுக்கும் அது கிடைக்கும். 1975 முதல் வந்த கே-மவுண்ட் லென்ஸுகளும் மாட்டும். குறை என்னவென்றால், செகண்ட் ஹேண்டில் தேடினால் பொருள் எளிதில் சிக்காது.

புதிதாக ஒரு ஆரம்பநிலை பாடியா, பழைய நடுத்தர பாடியா?

எங்கள் கணிப்பில் பழைய நடுத்தர பாடிதான். கேனன் 70டி, 80டி அல்லது நிக்கான் டி7100, டி7200 ரகத்தில் இரண்டு டயல்கள் உண்டு. ஒன்று ஷட்டருக்கு, மற்றொன்று அபர்ச்சருக்கு (லென்ஸின் திறப்பு அளவு). ஆரம்பநிலை பாடியில் ஒரே டயல்தான். மேனுவலில் அபர்ச்சரை மாற்ற ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே அதைத் திருப்ப வேண்டும். கேட்க அற்பமாகத் தெரியும். மேடையில் விளக்கு நொடிக்கு நொடி மாறும்போதுதான் வித்தியாசம் புரியும்.

ஃபோகஸ் புள்ளிகளிலும் இடைவெளி பெரிது. கேனன் 1500டியில் (வேறு நாடுகளில் இதே கேமரா 2000டி) 9 புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி மட்டும் கிராஸ் வகை, அதாவது நெட்டுக்கோடு, கிடைக்கோடு இரண்டையும் பிடிக்கும். 80டியில் 45, எல்லாமே கிராஸ். டி3500-இல் 11, டி7200-இல் 51. மங்கிய வெளிச்சத்தில் 1500டியின் ஓரப் புள்ளிகள் தடுமாறும் இடத்தில் 80டி சட்டென்று பிடித்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நடுத்தர பாடி கனமானது. தினமும் பையில் போட்டுக்கொண்டு போக நினைப்பவருக்கு அது அலமாரியிலேயே தங்கிவிடும். செகண்ட் ஹேண்ட் பொருளைச் சோதித்து வாங்கத் தெம்பில்லை என்றாலும் புதியதே நிம்மதி. அப்படியானால் கடையில் இன்னும் புதிதாகக் கிடைத்தால் கேனன் 200டி, 250டி அல்லது நிக்கான் டி3500, டி5600 பாருங்கள். 4000டியை (3000டி என்றும் விற்கப்பட்டது) தவிர்த்துவிடுங்கள்: லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். வ்யூஃபைண்டரில் கண் பவருக்கு ஏற்பத் திருத்தும் சக்கரமும் இல்லை. கண்ணாடி போடுபவருக்கு அது பெரிய இம்சை.

மெகாபிக்சல் எவ்வளவு வேண்டும்?

16 இருந்தாலே போதும், 24 தாராளம்.

ஃபுல் ஃபிரேமுக்கு நேராகப் போய்விடலாமா?

பழைய ஃபுல் ஃபிரேம் பாடி மலிவாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசை வரும். பாடியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதற்குத் தேவையான அகல லென்ஸும் டெலி (தூரத்தை நெருக்கிக் காட்டும்) லென்ஸும் அந்த அளவுக்கு இறங்கவில்லை, எடையும் குறையவில்லை. சின்ன சென்சார் பாடியில் தொடங்குங்கள்.

அந்தச் சென்சார் கேனனில் சுமார் 22.3 × 14.9 மி.மீ., நிக்கானில் 23.5 × 15.6 மி.மீ. ஃபுல் ஃபிரேம் 36 × 24 மி.மீ. சென்சார் சிறியதாக இருப்பதால், லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதிவாகும். 50 எம்எம் லென்ஸ் கேனனில் 80 எம்எம் மாதிரியும் நிக்கானில் 75 எம்எம் மாதிரியும் நெருக்கிக் காட்டும். அடுத்த கேள்விகளுக்கு இது தேவைப்படும்.

கிட் லென்ஸை வாங்கலாமா, விட்டுவிடலாமா?

வாங்குங்கள், ஆனால் சரியான பதிப்பை. கேனன் 18-55-இல் ஐஎஸ் (நடுக்கத் தடுப்பு) எஸ்டிஎம் (சத்தம் குறைந்த ஃபோகஸ் மோட்டார்) என்று இருப்பது நல்ல லென்ஸ். வெறும் "III" என்று முடிவதில் கை நடுக்கம் தடுக்கும் வசதியே கிடையாது. மலிவுப் பொதிகளில் அதைத்தான் சேர்த்துத் தள்ளுவார்கள். நிக்கானில் விஆர் (அதன் நடுக்கத் தடுப்பு) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎஃப்-பி 18-55 விஆர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை உண்டு.

பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து எடுத்தால் இந்த லென்ஸுகள் வியக்கும்படி ஷார்ப்பாகவே இருக்கும். 18 எம்எம் முனை அறைக்குள்ளும், குழுப் படத்துக்கும், கட்டடத்துக்கும் உதவும். இதில் இன்னொரு லாபம் உண்டு: எந்தத் தூரத்தில் நீங்கள் அதிகம் எடுக்கிறீர்கள் என்பதை இதுதான் காட்டிக்கொடுக்கும். (கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறோம்.)

முதலில் வாங்கும் பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்): 50-ஆ, 35-ஆ?

தனி ஆளின் முகம்தான் முக்கியம் என்றால் 50. வீட்டுக்குள் நடப்பதை எடுக்க வேண்டும் என்றால் 35-க்குக் கீழே.

50 எம்எம் வாங்கிய பலரும் முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான்: "சுவர் முதுகில் இடிக்கிறது, இன்னும் பின்னால் போக இடமில்லை." சின்ன சென்சாரில் அது 75-80 எம்எம்மாக நெருக்குவதால், நின்றிருக்கும் ஒருவரை முழு உயரத்துக்கு எடுக்க நான்கு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். பெரும்பாலான வீட்டு அறைகளில் அவ்வளவு இடம் இருக்காது.

நிக்கானில் விடை எளிது: 2009-இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் (சின்ன சென்சாருக்கானது) 35 எம்எம் எஃப்/1.8ஜி. கிட் லென்ஸைத் தூக்கி வைத்துவிட்டு இதையே வருடக்கணக்கில் மாட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. கேனனில் இதே விலையில் இதற்கு இணை கிடையாது. அருகில் வருவது இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம், 125 கிராம், தோசைக்கல் மாதிரி தட்டை, 16 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். எஃப்/2.8 என்பதால் வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் அறைக்குள் இடம் போதும்.

கேனன் 50 எம்எம் எஃப்/1.8-இல் இரண்டு பதிப்புகள் சுற்றுகின்றன. பழைய II-இல் மவுண்ட் வளையம் பிளாஸ்டிக், ஃபோகஸ் மோட்டார் கறகறவென்று சத்தம் போடும், கீழே விழுந்தால் இரண்டாகப் பிரியும். 2015-இல் வந்த எஸ்டிஎம்மில் உலோக மவுண்ட், 35 செ.மீ. வரை நெருங்கலாம், பழையதில் 45. விலை வித்தியாசம் சிறிது, எஸ்டிஎம்மையே எடுங்கள்.

50 எம்எம் எஃப்/1.8 வாங்கினேன். முகமெல்லாம் மங்கலாகவே வருகிறது. லென்ஸ் பழுதா?

பத்தில் எட்டு முறை லென்ஸில் பழுது இருக்காது. எஃப்/1.8-இல் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரை எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 11 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் அது மூன்று செ.மீ. கூட இல்லை. மூக்கு நுனி ஷார்ப்பாக இருந்தால் கண் மங்கும், அவ்வளவு மெல்லிசு.

இதில் வழக்கமான தவறு: நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டு, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து ஃபிரேமைத் திருத்துவது. அந்தச் சாய்வில் ஃபோகஸ் தளம் சில செ.மீ. நகர்ந்து காதுக்குப் போய்விடும். கண்ணின் மீதே விழும் புள்ளியை நேரடியாகத் தேர்ந்தெடுத்து அழுத்துங்கள். இன்னொன்று, எல்லாப் புள்ளிகளையும் தானியங்கியில் விட்டால் கேமரா அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும்; பெரும்பாலும் அது மூக்கோ, முன்னால் நீட்டிய கையோதான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். எஃப்/2.8-க்கு இறக்குங்கள். ஷட்டர் நொடியில் 125-இல் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மங்கினால் சோதியுங்கள். கேமராவை ட்ரைபாடில் வைத்து, சாய்வாக வைத்த ஸ்கேலின் ஒரு கோட்டில் வ்யூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து எஃப்/1.8-இல் ஒரு படம். அதே கோட்டில் லைவ் வ்யூவில் (பின்திரையில் பார்த்து எடுப்பது) ஃபோகஸ் செய்து இன்னொரு படம். லைவ் வ்யூவில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் அதில் பிசகு வராது. முதல் படம் மட்டும் முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். டி7000 வரிசையிலும் 70டி, 80டியிலும் இதைத் திருத்த மெனுவிலேயே வழி உண்டு. ஆரம்பநிலை பாடிகளில் இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது லைவ் வ்யூவில் எடுத்துப் பழக வேண்டும். பழைய நடுத்தர பாடியைச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தூரத்தில் இருப்பதை எடுக்க எந்த டெலி?

கேனனில் இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 375 கிராம்தான் எடை, கூர்மை நன்றாக இருக்கும். இதன் பக்கத்திலேயே 75-300 III என்ற லென்ஸ் இன்னும் மலிவாக வந்து நிற்கும். தொடாதீர்கள். 1999-இன் வடிவமைப்பு, நடுக்கத் தடுப்பு கிடையாது, 300 எம்எம் முனையில் எல்லாம் பால் படிந்தது போல வெளிறிவிடும். இரண்டு லென்ஸ் பொதியில் இது இருந்தால், அந்த இரண்டாவது லென்ஸுக்கு மதிப்பு போடாமல் பொதியின் விலையைக் கணக்கிடுங்கள்.

நிக்கானில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர், உங்கள் பாடி ஏஎஃப்-பியை ஏற்கும் என்றால். இதிலும் விஆர் இல்லாத இரட்டைப் பிறவி ஒன்று உண்டு. பழைய பாடியென்றால் ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் அல்லது 55-300 விஆர்.

ஷட்டர் வேகத்துக்குப் பழைய விதி இப்போதும் உதவும்: எம்எம்மைச் சென்சார் பெருக்கத்தால் (கேனனில் 1.6, நிக்கானில் 1.5) பெருக்கி, நொடியை அதால் வகுக்க வேண்டும். கேனனில் 250 எம்எம் என்றால் 400. நொடியில் 400-இல் ஒரு பங்கு. ஐஎஸ், விஆர் இருந்தால் இதற்குக் கீழேயும் இறங்கலாம், ஆனால் அவை உங்கள் கையைத்தான் நிறுத்தும். பறவை பறந்தால் அதை ஷட்டர்தான் நிறுத்த வேண்டும்: 1000-இல் ஒரு பங்காவது.

18-200 மாதிரி ஒரே லென்ஸில் முடித்துவிட்டால்?

பயணத்தில் லென்ஸ் மாற்ற நேரமில்லாதவருக்குச் சரி. மற்றவர்களுக்கு, அதே பணத்தில் செகண்ட் ஹேண்ட் 55-250-ம் 50 எம்எம்மும் சேர்ந்தே வந்துவிடலாம். 18-200-இல் 200 பக்கம் கூர்மை குறையும், இரவில் எஃப்/5.6 கையைக் கட்டிப்போடும்.

எஃப்/2.8 ஜூம் வேண்டும், கம்பெனி லென்ஸ் கட்டுப்படியாகாது. டாம்ரான், சிக்மா நம்பலாமா?

டாம்ரான் 17-50 எஃப்/2.8, சிக்மா 17-50 எஃப்/2.8 ஓஎஸ் (நடுக்கத் தடுப்பு உள்ளது) இரண்டும் இந்த வேலைக்கு நன்கு பழகிய லென்ஸுகள். கல்யாணம், மேடை நிகழ்ச்சி எடுப்பவர்கள் பல வருடம் இவற்றை உழைக்க வைத்திருக்கிறார்கள். நிக்கானுக்கான டாம்ரானில் உள்ளே மோட்டார் இல்லாத பதிப்பும் வந்தது. பின்பக்க வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முனை பொருந்துகிற மாதிரி சின்னக் காடி தெரிந்து, உள் மோட்டாரும் இல்லையென்றால் டி3000, டி5000 வரிசையில் அதற்கு ஆட்டோஃபோகஸ் இல்லை. பழைய சிக்மா லென்ஸுகள் சில, பின்னர் வந்த பாடிகளில் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். உங்கள் பாடியிலேயே மாட்டி, எஃப்/8-இல் எடுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை எப்படிச் சோதிப்பது?

ஒரு டார்ச்சும் உங்கள் பாடியும் போதும், பத்து நிமிடம் பிடிக்கும்.

இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசித் துகள் நான்கைந்து இருந்தால் கவலையில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சிலந்தி வலை போலவோ, வேர் போலவோ கிளைத்து ஓடினால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி சீரான புகை தெரிந்தால் அது எண்ணெய் ஆவி படிந்த மங்கல். எதிர்வெளிச்சத்தில் படமே வெளுத்துப்போகும். இவை இரண்டும் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் ஒன்று இருப்பது படத்தில் தெரியவே தெரியாது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் தெரியும்.

அடுத்து அபர்ச்சர். எஃப்/16, ஷட்டர் இரண்டு நொடி என்று வைத்து, லென்ஸை முன்னாலிருந்து பார்த்தபடி அழுத்துங்கள். இதழ்கள் சட்டென்று சுருங்கி, முடிந்ததும் சட்டென்று விரிய வேண்டும். சோம்பலாக அசைந்தாலோ இதழில் எண்ணெய் மினுமினுத்தாலோ படங்கள் தாறுமாறாக வெளிச்சம் கூடி வரும். ஜூம் லென்ஸ் என்றால் இதை இரு முனையிலும் நடுவிலும் செய்யுங்கள். கேனன் ஜூம்களில் உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் தேய்ந்து அறுந்தால், முழுதாகத் திறந்த அபர்ச்சரில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். எஃப்/8-க்கு இறக்கியதும் குறிப்பிட்ட ஜூம் இடத்தில் எர்ரர் 01 வரும். விற்பவர் முழுத் திறப்பில் மட்டும் எடுத்துக் காட்டினால் கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு ஃபோகஸ்: அருகே ஒரு பொருள், தூரத்தில் ஒன்று, மாறி மாறி ஐந்தாறு முறை. நடுக்கத் தடுப்பைப் போட்டு, ஷட்டரைப் பாதி அழுத்தி வ்யூஃபைண்டரில் காட்சி நிதானமாகிறதா பாருங்கள்; காதை லென்ஸ் அருகே வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்பது இயல்பு, டக்டக் என்று அடிப்பது இயல்பல்ல. கடைசியாக ஒரு செங்கல் சுவரையோ புத்தக அலமாரியையோ நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது.

பாடிக்கு?

ஷட்டர் எண்ணிக்கையில் தொடங்குங்கள். ஆரம்பநிலை பாடிகளின் ஷட்டர் சுமார் ஒரு லட்சம் அழுத்தலுக்குச் சோதிக்கப்பட்டவை. டி7200-க்கு ஒன்றரை லட்சம். நிக்கானில் இந்த எண் ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் தகவலிலும் (படக் கோப்புக்குள் பதிவாகும் விவரம்) இருக்கும், எடிட் செய்யாத ஜேபெக் ஒன்று போதும். கேனனில் பொதுவாகப் படத்தில் இருக்காது. யுஎஸ்பி கேபிளில் இணைத்து மென்பொருள் மூலம் படிக்க வேண்டும், எல்லா மாடலும் சொல்லாது. கோப்புப் பெயரில் இருக்கும் எண்ணைக் காட்டி "பாருங்கள், 2,300 படம்தான்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்: 9999-க்குப் பிறகு அது முதலிலிருந்து தொடங்கும், மெனுவில் அழிக்கவும் முடியும்.

எஃப்/22 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசியைச் சுத்தம் செய்துவிடலாம்; பளிச்சென்ற கோடாகத் தெரிந்தால் அது கீறல். பகல் வெளிச்சத்தில் 4000-இல் ஒரு பங்கு ஷட்டரில் வானத்தை எடுங்கள். படத்தின் ஒரு ஓரம் பட்டையாக இருண்டால் ஷட்டர் திரை தளர்ந்திருக்கிறது. (எல்இடி விளக்கின் கீழ் இந்தச் சோதனை ஏமாற்றும், விளக்கே துடிப்பதால் பட்டை வரும்.) ஸ்க்ரூ தலைகள் வழுக்கியிருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பாப்-அப் ஃபிளாஷ், கார்டுக் கதவு, எல்லா பட்டன்களும், இருபது படம் தொடர்ச்சியாக: அனைத்தையும் அழுத்திப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வீடியோவும் கொஞ்சம் எடுப்பேன். என்ன பார்க்க வேண்டும்?

கேனனின் டூயல் பிக்சல் ஃபோகஸ். 2013-இன் 70டியில் தொடங்கி 80டி, 200டி, 250டியில் இருக்கிறது. வீடியோவில் முகத்தை மெதுவாகத் தொடரும். 1500டியிலும், குறைந்த விலை நிக்கான்களிலும் அது முன்னும் பின்னும் தேடி அலையும். வெளி மைக் செருக 1500டியிலும் டி3500-இலும் துளையே இல்லை. 250டியில் 4கே உண்டு, ஆனால் 4கேயில் டூயல் பிக்சல் வேலை செய்யாது, காட்சியும் குறுகும். அதை 1080-க்கான (முழு எச்டி) கேமரா என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேறு என்னென்ன உடனே வேண்டும்?

மெமரி கார்டு: 64 ஜிபி, யுஎச்எஸ்-I, யு3 குறி உள்ளது. இந்த பாடிகள் யுஎச்எஸ்-II வேகத்தைப் பயன்படுத்தாது, அதற்குக் கூடுதல் பணம் வீண். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (சுருக்கி மாற்றாத மூலப் படம்) ஒன்று 25-30 எம்பி வரும். 64 ஜிபியில் சுமார் இரண்டாயிரம். கார்டு வந்ததும் கணினியில் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். போலிக் கார்டு 64 என்று காட்டிக்கொண்டு எட்டாவது ஜிபிக்குப் பிறகு எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும்.

இன்னொரு பேட்டரி, கம்பெனியுடையதே. 200டி, 250டியில் வரும் எல்பி-இ17-க்கு மாற்றாகக் கிடைக்கும் மலிவு பேட்டரிகள் சிலவற்றை கேனன் சார்ஜர் ஏற்பதில்லை.

யுவி ஃபில்டரை லென்ஸ் வாங்கும்போதே தலையில் கட்டப் பார்ப்பார்கள். மலிவுக் கண்ணாடி இரவில் விளக்குகளுக்குத் தலைகீழ் நிழல் உருவங்களை உண்டாக்கும். அதற்குப் பதில் ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் மறைப்பு) வாங்குங்கள், பக்க வெளிச்சத்தையும் தடுக்கும், இடிபட்டாலும் தாங்கும். ட்ரைபாட் அவசரமில்லை, வாங்கினால் கனமானதாக வாங்குங்கள், இறகு போல் லேசானது காற்றில் கேமராவோடு சாயும். பைக்குள் பதினைந்து சாமான் போட்டுத் தரும் பொதிகளில் உருப்படியாக ஒன்றோ இரண்டோதான் தேறும்.

ஃபிளாஷ் வாங்கும் எண்ணமிருந்தால் ஒரு எச்சரிக்கை: கேனன் 250டி, 4000டியில் மேலுள்ள ஹாட் ஷூவின் (ஃபிளாஷ் மாட்டும் இடம்) நடு முள்ளை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு முள்ளை மட்டும் நம்பி எரியும் எளிய ஃபிளாஷும் ட்ரிகரும் (தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் கருவி) இவற்றில் வேலை செய்யாது.

பூஞ்சை வராமல் எப்படி வைப்பது?

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கையடக்க ஈரமானி. இந்த மூன்றும் போதும், 40-50 சதவீதத்தில் நிறுத்துங்கள். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். தோல் உறையும் கேமராப் பையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவற்றுக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் துடைத்து எடுக்கலாம். முற்றினால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், வெயிலில் காயவைத்தாலும் தடம் போகாது.

பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் இந்த லென்ஸுகள் குப்பையா?

இல்லை. கேனன் இஎஃப், இஎஃப்-எஸ் இரண்டும் அடாப்டர் மூலம் ஆர் வரிசை கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஃபுல் ஃபிரேம் ஆர் பாடியில் இஎஃப்-எஸ் மாட்டினால் படம் தானாகவே சின்ன அளவுக்கு வெட்டப்படும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி ஃபோகஸ் ஆகும், ஏஎஃப்-டி ஆகாது. பிற்பாடு மாறும் எண்ணம் உள்ள நிக்கான்காரர்கள் ஏஎஃப்-டியில் பணம் முடக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த லென்ஸ் எப்போது, எது?

ஐந்நூறு படங்கள் எடுத்த பிறகு, பிடித்தவற்றை மட்டும் ஒரு ஃபோல்டரில் போட்டு, எக்ஸிஃபில் எம்எம் எண்ணைப் பாருங்கள். பாதிக்கு மேல் 18-இல் நின்றால் உங்களுக்கு அகல லென்ஸ் தேவை. கேனனில் 10-18 எஸ்டிஎம், நிக்கானில் ஏஎஃப்-பி 10-20. 55-இல் குவிந்தால் டெலி. ஐஎஸ்ஓ 3200, 6400 என்றே வந்துகொண்டிருந்தால் எம்எம் பிரச்சினையே இல்லை, எஃப்/1.8 லென்ஸ் வேண்டும். எண்கள் எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இன்னும் ஐந்நூறு எடுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.